இன்சுலினின் நடுவே இரு துத்தநாக அணுக்கள்: டோரத்தி ஹாட்ஜ்கினின் 35 ஆண்டு உழைப்பு

ஹைதராபாத்: கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களுக்கும் துத்தநாகம் என்னும் உலோகத்துக்கும் இடையிலான உறவு, நீரிழிவு ஆய்வில் தனிப் பிரிவாகவே வளர்ந்துள்ளது. ஹைதராபாதில் இயங்கும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானிகள் பங்கேற்று 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 5,164 இந்தியர்களின் மரபணுக்களைப் பரிசோதித்தது. பீட்டா செல்லுக்குள் துத்தநாகத்தைக் கொண்டு சேர்க்கும் புரதத்தின் மரபணுவும் அவற்றுள் ஒன்று. அம்மரபணுவில் காணப்படும் ஒரு மாறுபாட்டுக்கும் இரண்டாம் வகை நீரிழிவுக்கும் இந்தியர்களிடையேயும் தொடர்பு இருப்பதை அந்த ஆய்வு உறுதிசெய்தது.

இன்சுலினுக்குள் துத்தநாகம் எந்த இடத்தில், எந்த நிலையில் அமர்ந்திருக்கிறது என்பதை உலகுக்கு முதன்முதலில் படம்பிடித்துக் காட்டியது பிரிட்டனைச் சேர்ந்த வேதியியலாளர் டோரத்தி ஹாட்ஜ்கின் தலைமையிலான குழு. அந்த ஒரு விடைக்காக அவர் 35 ஆண்டுகள் காத்திருந்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி 10.1 கோடி பேர் நீரிழிவுடன் வாழும் இந்நாட்டில், அவருடைய வாழ்க்கை அறிந்துகொள்ளத்தக்கது.

துத்தநாகம் செய்யும் பணி என்ன?

கணையத்தில் சிறு தீவுகளைப் போலச் சிதறிக் கிடக்கும் செல் கூட்டங்களில் பீட்டா செல்கள் உள்ளன. உணவு உண்டபின் இரத்தத்தில் சர்க்கரை உயரும்போது உடனடியாக இன்சுலினை வெளியிடுவது அவற்றின் கடமை. அப்போதைக்கு அப்போது தயாரித்து அனுப்பினால் தாமதமாகும் என்பதால், இன்சுலினை முன்கூட்டியே தயாரித்து, ஆயிரக்கணக்கான நுண்ணிய பைகளில் அவை சேமித்து வைக்கின்றன.

அந்தச் சேமிப்புக்கு உதவுவதே துத்தநாகம். இன்சுலின் மூலக்கூறுகள் ஆறு ஒன்றுசேர்ந்து ஒரு தொகுதியாகின்றன. அதன் நடு அச்சில் இரண்டு துத்தநாக அணுக்கள் அமர்ந்து, ஒவ்வொன்றும் மும்மூன்று மூலக்கூறுகளைப் பிணைத்துக் கொள்கின்றன. இவ்வாறு இறுகிய தொகுதிகள் எளிதில் கரைவதில்லை. குறைந்த இடத்தில் அதிக இன்சுலினை அடுக்கி வைக்க முடிகிறது. பை திறந்து இன்சுலின் இரத்தத்தில் கலந்ததும், அமிலத்தன்மை மாறி, செறிவும் குறைவதால் துத்தநாகம் விலகுகிறது, தொகுதி பிரிகிறது, தனித்தனி மூலக்கூறுகளாகி உடலெங்கும் சென்று வேலை செய்கிறது.

ஆகவே துத்தநாகம் இன்சுலினைச் சேமிக்கும் பூட்டாக உள்ளதேயன்றி, சர்க்கரையைக் குறைக்கும் வேலையை அது நேரடியாகச் செய்வதில்லை. கினிப் பன்றியின் இன்சுலினில் துத்தநாகத்தைப் பற்றும் இடமே கிடையாது. ஆயினும் அவ்விலங்கு உயிர்வாழ்கிறது. மனிதர் உள்ளிட்ட பெரும்பாலான பாலூட்டிகள் துத்தநாகத்தையே நம்பியுள்ளன.

கெய்ரோவில் பிறப்பு, கார்ட்டூமில் வேதியியல்

டோரத்தி மேரி குரோஃபுட் 1910-ஆம் ஆண்டு மே 12-ஆம் தேதி எகிப்தின் கெய்ரோ நகரில் பிறந்தார். தந்தை ஜான் குரோஃபுட் எகிப்திலும் சூடானிலும் கல்வித்துறை அதிகாரியாகப் பணியாற்றியவர். பின்னர் தொல்லியலில் ஈடுபட்டார். தாய் கிரேஸ் குரோஃபுட் தாவரங்களையும் பழங்கால நெசவு முறைகளையும் ஆராய்ந்தவர். நான்கு மகள்களில் டோரத்தி மூத்தவர்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது பிள்ளைகள் இங்கிலாந்தில் விடப்பட்டனர். பெற்றோர் பணியிடத்துக்குத் திரும்பினர். அப்போரில் தாயின் சகோதரர்கள் நால்வரும் உயிரிழந்தனர். அத்துயரம் தாயைச் சமாதான இயக்கத்தின் பக்கம் திருப்பியது. 1925-இல் ஜெனீவாவில் நடந்த உலக நாடுகள் சங்கக் கூட்டத்துக்கு அவர் மகளையும் அழைத்துச் சென்றார். போரைக் குறித்த மகளின் பிற்கால நிலைப்பாட்டுக்கு வித்து அங்கேயே இடப்பட்டது.

பத்து வயதில் பள்ளியில் படிகங்கள் வளர்த்ததிலிருந்து டோரத்திக்கு அவற்றின் மீது பற்று உண்டானது. பதின்மூன்றாம் வயதில் பெற்றோரைக் காணக் கார்ட்டூம் சென்றபோது, குடும்ப நண்பரான மண் வேதியியலாளர் ஒருவர் கனிமங்களைப் பகுத்தறியும் முறையைக் கற்றுத் தந்து, வேதிப்பொருள்கள் அடங்கிய பெட்டி ஒன்றையும் பரிசளித்தார். இங்கிலாந்தில் அவர் படித்த பள்ளியில் வேதியியல் வகுப்பு ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அவருக்கும் மற்றொரு மாணவிக்கும் சிறப்பு அனுமதி கிடைத்தது. பதினாறாம் பிறந்தநாளுக்குத் தாய் வாங்கித் தந்த நூல் ஒன்றில், எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகங்களுக்குள் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தை அறியலாம் எனப் படித்தார். அதுவே அவர் வாழ்நாள் துறையாயிற்று.

1928-இல் ஆக்ஸ்போர்டின் சோமர்வில் கல்லூரியில் சேர்ந்து, 1932-இல் முதல் வகுப்பில் தேறினார். பின்னர் கேம்பிரிட்ஜில் ஜே.டி. பெர்னாலிடம் ஆய்வு மாணவியானார்.

வலியும் வெற்றியும் வந்த 1934

1934 அவர் வாழ்வில் திருப்புமுனையான ஆண்டு. வயிற்றில் உணவைச் செரிக்கச் செய்யும் பெப்சின் என்னும் புரதத்தின் படிகத்தை அதன் ஈரம் உலராமல் வைத்து எக்ஸ் கதிர் செலுத்தினால் தெளிவான புள்ளிகள் கிடைக்கும் என்பதைப் பெர்னால் கண்டறிந்தார். புரதங்களுக்கும் ஒழுங்கான அணு அமைப்பு உண்டு என்பதற்கு அதுவே முதல் சான்று. அந்த முதல் படம் எடுக்கப்பட்ட நாளில் டோரத்தி ஆய்வகத்தில் இல்லை. கைகளில் ஓயாத வலி இருந்ததால் லண்டனில் நிபுணரிடம் சென்றிருந்தார். அவருக்கு முடக்குவாதம் இருப்பது தெரியவந்தது. அப்போது வயது 24.

அதே ஆண்டில் ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பினார். பல்கலைக்கழக அருங்காட்சியகக் கட்டடத்தின் ஓர் ஒதுக்குப்புறமே அவருக்கு ஆய்வகமாகக் கிடைத்தது. படிகத்தை நுண்ணோக்கியில் பார்க்க, ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறி மாடத்துக்குச் செல்ல வேண்டும். வேதியியல் ஆராய்ச்சியாளர்களின் சங்கத்தில் பெண்களுக்கு இடமில்லை.

அங்கே பேராசிரியர் ராபர்ட் ராபின்சன் அவரிடம் சிறிதளவு இன்சுலின் படிகப் பொடியைக் கொடுத்தார். கனடாவின் டொரன்டோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டு 13 ஆண்டுகளே ஆகியிருந்தன. 1926-இல் இன்சுலின் படிகமாக்கப்பட்டபோதிலும், ஏன் சில வேளைகளில் படிகம் உருவாகிறது, சில வேளைகளில் உருவாவதில்லை என்பது புதிராக இருந்தது. டொரன்டோவைச் சேர்ந்த டி.ஏ. ஸ்காட் 1934-இல் அப்புதிரை விடுவித்தார்: துத்தநாகம் இருந்தால் படிகம் உருவாகும். டோரத்தி அம்முறையைப் பின்பற்றி, படம் எடுப்பதற்கு ஏற்ற அளவில் பெரிய படிகங்களை வளர்த்தார்.

ஓரிரவு படத்தகட்டைக் கழுவியபோது, அதில் ஒழுங்கான புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. வாழ்வில் தாம் மிகவும் மகிழ்ந்த தருணங்களுள் அதுவும் ஒன்று எனப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். 1935-இல் தம் பெயரில் மட்டும் அந்த முடிவை வெளியிட்டார்.

ஆனால் அப்புள்ளிகளிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிட அக்காலத்தில் வழியில்லை. படம் புள்ளிகளின் பிரகாசத்தை மட்டுமே காட்டும். கதிரின் அலைகள் எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தன என்னும் செய்தி அதில் பதியாது. அது தெரியாமல் நூற்றுக்கணக்கான அணுக்கள் கொண்ட மூலக்கூறை வரைய இயலாது. இன்சுலினை ஒதுக்கி வைத்துவிட்டு, தீர்க்கக்கூடிய சிறிய மூலக்கூறுகளின் பக்கம் அவர் திரும்பினார்.

பென்சிலினும் பி12-உம்

1937-இல் தாமஸ் ஹாட்ஜ்கினை மணந்தார். ஆப்பிரிக்க வரலாற்றில் தேர்ந்தவராகப் பின்னாளில் அறியப்பட்டவர் அவர். இவர்களுக்கு லூக், எலிசபெத், டோபி என மூன்று பிள்ளைகள். 1938-இல் முதல் மகன் பிறந்தபின் முடக்குவாதம் தீவிரமடைந்து, டோரத்தியின் விரல்கள் வளையத் தொடங்கின. சிகிச்சைக்குப்பின் ஆய்வகத்துக்குத் திரும்பியபோது, எக்ஸ் கதிர்க் கருவியின் விசையைக்கூட அவரால் அழுத்த முடியவில்லை. நீளமான நெம்புகோல் ஒன்றைச் செய்து பொருத்தி, பணியைத் தொடர்ந்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது பென்சிலின் மருந்தின் அமைப்பை அறிவது அவசரத் தேவையாயிற்று. மூத்த வேதியியலாளர்கள் சிலர் ஏற்க மறுத்த ஒரு வளைய அமைப்பு அதில் இருப்பதை 1945-இல் அவரும் மாணவி பார்பரா லோவும் நிறுவினர். 1947-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1948-இல் தொடங்கிய வைட்டமின் பி12 ஆய்வு, அமெரிக்காவில் இருந்த கணினி ஒன்றின் உதவியுடன் 1950-களின் நடுவில் முடிவுற்றது. இரத்தச் சோகையின் கொடிய வகை ஒன்றைத் தீர்க்கும் அந்த வைட்டமினின் நடுவே கோபால்ட் அணு இருப்பதும், அதைச் சூழ்ந்த அமைப்பும் வெளிச்சத்துக்கு வந்தன.

1964-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு அவர் ஒருவருக்கே வழங்கப்பட்டது. வேதியியல் நோபல் பெற்ற மூன்றாவது பெண் அவர். அச்செய்தி வந்தபோது அவர் கணவர் பணியாற்றிய கானாவில் இருந்தார். மூத்த மகன் அல்ஜீரியாவிலும் மகள் ஜாம்பியாவிலும் கற்பித்துக்கொண்டிருந்தனர். இளைய மகன் டோபி, பல்கலைக்கழகத்தில் சேருமுன் ஓராண்டை இந்தியாவில் கழித்தார். உலகின் உயரிய விருதைப் பெற்றவரை இல்லத்தரசி என்றே முதலில் குறிப்பிட்டு மகிழ்ந்த பிரிட்டன் நாளேடும் உண்டு. 1965-இல் அவருக்கு ஆர்டர் ஆஃப் மெரிட் என்னும் உயரிய பட்டம் வழங்கப்பட்டது. புளோரன்ஸ் நைட்டிங்கேலுக்குப்பின் அதைப் பெற்ற இரண்டாவது பெண் அவரே.

விடை கிடைத்த 1969

இதற்கிடையே இன்சுலினுக்கான வழி மெல்லத் திறந்தது. 1955-இல் பிரெடரிக் சாங்கர், இன்சுலினின் 51 அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் கோக்கப்பட்டுள்ளன என்பதைக் கண்டறிந்து முடித்தார். ஈயம் போன்ற கனமான அணுக்களைப் புரதப் படிகத்துக்குள் செலுத்தி, மாறும் புள்ளிகளை ஒப்பிட்டால் அலைகளின் கட்டத்தைக் கணக்கிடலாம் என்பதைக் கேம்பிரிட்ஜில் மாக்ஸ் பெரூட்ஸ் காட்டியிருந்தார். கணினிகளும் வலுப்பெற்றன.

நோபல் பரிசுக்குப்பின் ஓய்வைத் தேடாமல், டோரத்தி மீண்டும் இன்சுலினைக் கையிலெடுத்தார். அவர் கைகள் அதற்குள் வளைந்து திருகியிருந்தன. பல நாடுகளிலிருந்து இளைஞர்கள் அவரது ஆய்வகத்தில் சேர்ந்தனர். நியூசிலாந்திலிருந்து கை டாட்சன் வந்தார். இந்தியாவிலிருந்து 1968-இல் சென்றவர் மாமண்ணமண விஜயன். கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் பிறந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர்.

கன அணுக்கள் ஏற்றப்பட்ட படிகங்களை ஒவ்வொன்றாகத் தயாரித்து, பல்லாயிரம் புள்ளிகளை அளந்து, கணினியில் இட்டு, இறுதியில் பன்றியின் இன்சுலினுக்குரிய எலக்ட்ரான் வரைபடம் 1969 கோடையில் கிடைத்தது. ஆறு மூலக்கூறுகள், நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக இரு துத்தநாக அணுக்கள், ஒவ்வொன்றையும் பற்றிய மூன்று ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள் என அமைப்பு முழுவதும் தெளிந்தது. 1934-இல் படிகம் உருவாகத் துத்தநாகம் ஏன் வேண்டியிருந்தது என்ற கேள்விக்கு, படத்திலேயே பதில் இருந்தது.

அவ்வாண்டு அமெரிக்காவின் ஸ்டோனி புரூக்கில் நடந்த சர்வதேசப் படிகவியல் மாநாட்டில், கண்டுபிடிப்பை அறிவிக்கும் வாய்ப்பை டோரத்தி தாம் எடுத்துக்கொள்ளாமல் இளம் ஆய்வாளர் டாம் பிளண்டலுக்குக் கொடுத்தார். நவம்பரில் நேச்சர் இதழில் வெளியான கட்டுரையில் பத்துப் பெயர்கள் உள்ளன. விஜயனின் பெயர் ஐந்தாவது. 35 ஆண்டுகள் அந்த ஆய்வைச் சுமந்த டோரத்தியின் பெயர் எட்டாவது. அந்த வரிசையில் அவர் தமக்கென முன்னிடம் எடுத்துக்கொள்ளவில்லை.

அத்துடன் அவர் நிறுத்தவில்லை. படத்தை மேலும் கூர்மையாக்கும் பணி தொடர்ந்தது. அணுக்களின் இருப்பிடத்தை மிகத் துல்லியமாகக் காட்டும் விரிவான கட்டுரை 1988-இல் வெளியானபோது அவருக்கு வயது 78.

எல்லைகளைத் தாண்டிய நட்பு

அறிவியலுக்கு நாட்டு எல்லை இல்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதற்கு விலையும் கொடுத்தார். இடதுசாரித் தொடர்புகளைக் காரணம் காட்டி, 1953-இல் புரதங்களைப் பற்றிய மாநாட்டுக்குச் செல்ல அமெரிக்கா அவருக்கு விசா மறுத்தது. சீனா உலக அறிவியல் அரங்கிலிருந்து விலகியிருந்த காலத்தில் அங்கு பலமுறை பயணம் செய்தார். பெய்ஜிங் விஞ்ஞானிகள் தாமாகவே இன்சுலினின் அமைப்பைக் கண்டறிந்திருப்பதை வெளியுலகுக்கு எடுத்துரைத்தார். 1972 முதல் 1975 வரை சர்வதேசப் படிகவியல் ஒன்றியத்தின் தலைவராகவும், 1976 முதல் 1988 வரை அணு ஆயுத ஒழிப்புக்காக விஞ்ஞானிகள் நடத்தும் பக்வாஷ் இயக்கத்தின் தலைவராகவும் இருந்தார். பிரிட்டன் பிரதமராகப் பின்னர் உயர்ந்த மார்கரெட் தாட்சர், சோமர்வில் கல்லூரியில் அவருடைய மாணவி. இருவரின் அரசியலும் இரு துருவங்களாக இருந்தபோதிலும், சோவியத் ஒன்றியத்துடன் நல்லுறவு பேண வேண்டும் என முன்னாள் மாணவியிடம் நேரில் சென்று வலியுறுத்தினார்.

1971-இல் பெங்களூரு திரும்பிய விஜயன், புரதங்களின் அமைப்பை ஆராயும் துறையை இந்தியாவில் வேரூன்றச் செய்தார். நிலக்கடலையில் உள்ள ஒரு புரதம் முதல் காசநோய்க் கிருமியின் புரதங்கள் வரை அவருடைய ஆய்வகம் ஆராய்ந்தது. இந்திய தேசிய அறிவியல் கழகத்தின் தலைவராகவும் பணியாற்றிய அவர் 2022-இல் காலமானார். ஆக்ஸ்போர்டில் துத்தநாக இன்சுலினிடம் கற்ற பாடம், இவ்வாறு இந்நாட்டில் ஒரு தலைமுறை மாணவர்களைச் சென்றடைந்தது.

டோரத்தி தலைமை வகித்த படிகவியல் ஒன்றியத்தின் 24-ஆவது மாநாடு, 2017 ஆகஸ்டு 21 முதல் 28 வரை ஹைதராபாதில் நடைபெற்றது. இந்தியாவில் அம்மாநாடு கூடியது அதுவே முதல்முறை.

இன்றைய நோயாளிக்கு என்ன பயன்?

துத்தநாகத்துடன் சேர்த்துத் தயாரித்தால் இன்சுலின் மெதுவாகக் கரைந்து நெடுநேரம் வேலை செய்யும் என்பது 1936-இலேயே டொரன்டோவில் அனுபவத்தால் அறியப்பட்டது. அது ஏன் என்பதை 1969-இன் படமே விளக்கிற்று. ஆறு மூலக்கூறுத் தொகுதி பிரியும் வேகமே மருந்து செயல்படும் வேகம் எனத் தெரிந்தபின், இன்சுலினில் ஓரிரு அமினோ அமிலங்களை மாற்றி, விரைவில் பிரியும் வகைகளை விஞ்ஞானிகள் உருவாக்கினர். உணவுக்குச் சற்று முன்பு போட்டுக்கொள்ளும் விரைவுச் செயல் இன்சுலின் 1990-களில் சந்தைக்கு வந்தது இவ்வழியில்தான்.

பீட்டா செல்லின் சேமிப்புப் பைக்குள் துத்தநாகத்தைச் செலுத்தும் இசட்என்டி8 என்னும் கடத்திப் புரதம் 2004-இல் இனங்காணப்பட்டது. 2007-இல் இருவகைச் செய்திகள் வந்தன. ஒன்று, அதன் மரபணு மாறுபாட்டுக்கும் இரண்டாம் வகை நீரிழிவுக்கும் தொடர்பு உண்டு என்பது. மற்றொன்று, முதல் வகை நீரிழிவில் உடலின் எதிர்ப்பாற்றல் தவறுதலாகத் தாக்கும் புரதங்களுள் இதுவும் ஒன்று என்பது. இரத்தத்தில் இதற்கெதிரான எதிர்ப்பொருளைக் கண்டறியும் சோதனை இன்று மருத்துவப் பயன்பாட்டில் உள்ளது.

எனினும் கதை எளிதாக முடியவில்லை. சுமார் 1,50,000 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இக்கடத்திப் புரதத்தின் மரபணுப் பிரதி ஒன்று செயலிழந்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 65 சதவீதம் குறைவாக இருப்பது தெரிந்தது. துத்தநாகம் மிகுந்தால் நன்மை என்ற எண்ணத்துக்கு இம்முடிவு மாறாக உள்ளது. காரணத்தை அறியும் ஆய்வுகள் தொடர்கின்றன.

எனவே துத்தநாக மாத்திரை விழுங்கினால் நீரிழிவு அகலும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. தானியம், பருப்பு, கொட்டை வகைகள், முட்டை, இறைச்சி ஆகியவற்றிலிருந்து உடலுக்குத் துத்தநாகம் கிடைக்கிறது. மாத்திரையாக அளவுக்கு மிஞ்சி உட்கொண்டால், உடல் தாமிரச்சத்தை ஏற்பது தடைப்படும். மருத்துவரைக் கேளாமல் இன்சுலினையோ மற்ற மருந்துகளையோ நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகும்.

இறுதிப் பயணம்

1993-இல் பெய்ஜிங்கில் படிகவியல் மாநாடு கூடியபோது டோரத்திக்கு வயது 83. நடக்க இயலாத நிலையில், சக்கர நாற்காலியில் அமர்ந்து அங்கு சென்று, பல நாட்டு நண்பர்களைக் கண்டு திரும்பினார். மறு ஆண்டு, 1994 ஜூலை 29-ஆம் தேதி, இங்கிலாந்தின் இல்மிங்டன் கிராமத்தில் இருந்த தம் இல்லத்தில் பக்கவாதத்தால் காலமானார்.

அவர் 24 வயதில் கையில் வாங்கிய இன்சுலின் பொடி, ஒரு சிட்டிகைக்கும் குறைவு. அதில் மறைந்திருந்த இரு துத்தநாக அணுக்களின் இருப்பிடத்தைக் கண்டபோது அவருக்கு வயது 59. அவ்விரு அணுக்கள் பீட்டா செல்லுக்குள் எவ்வாறு வந்து சேர்கின்றன, அவ்வழி பிறழ்ந்தால் என்ன நேர்கிறது என்ற கேள்விகளை, ஹைதராபாத் உள்ளிட்ட நகரங்களின் ஆய்வகங்கள் அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து வருகின்றன.